மாதரின் கைமரப்பும் சங்கங்களின் கடமையும்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்போர், நூல் இருப்பு இவ்வளவு, துணி விற்பனை இவ்வளவு, பயிர்க்கடன் பாக்கி இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு என்று காசு பிசகாமல் கணக்கு எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்கள். தறிக்குத் தேய்மானம் உண்டு; கிடங்குக்குத் தேய்மானம் உண்டு; தராசுக்கும் உண்டு. அத்தறியை இயக்கும் கைக்கும், வயலில் கதிரறுக்கும் கைக்கும் தேய்மானம் உண்டா என்பதை எந்த அறிக்கையும் கூறுவதில்லை. நெடுங்காலமாக இருந்து வரும் இக்குறையைப் பற்றிச் சங்க அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

சிதம்பரம், புவனகிரி, குறிஞ்சிப்பாடி ஆகிய வட்டாரங்களில் தறி வேலையிலும் வயல் வேலையிலும் ஈடுபட்டுள்ள பெண்மக்கள் கூறும் ஒரு முறையீடு நம்மில் பலர் கேட்டதுதான். இரவில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. எழுந்து கையை உதறினால் சற்றுத் தெளிகிறது. மீண்டும் படுத்தால் மீண்டும் மரக்கிறது. நாளடைவில் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை; அறுந்த இழையைப் பிடித்து முடிபோட முடிவதில்லை; கையிலிருக்கும் செம்பு நழுவிக் கீழே விழுகிறது. இதற்கு வீட்டிலுள்ளோர் கூறும் சமாதானம் வாயு என்பது. அல்லது இரத்தக்குறைவு என்பது. அல்லது வயதாகிவிட்டது என்பது. தைலம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டு அவள் மறுநாளும் வேலைக்கு உட்காருகிறாள்.

இம்முறையீட்டில் பெரும்பகுதி, பெயரும் காரணமும் பரிகாரமும் உள்ள ஒரு நோயாகும். அதனை மணிக்கட்டுக் குகை நோய் என்று தமிழில் கூறலாம். மருத்துவர்கள் கார்ப்பல் டனல் சின்ட்ரோம் என்று அழைக்கிறார்கள்.

நோயின் தன்மை

மணிக்கட்டின் உட்புறத்தில், சிற்றெலும்புகள் அடியிலும் பக்கங்களிலும் அமைய, உறுதியான தசைநார் ஒன்று மேலே கூரைபோல் மூட, ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், நடுநரம்பு எனப்படும் ஒரு நரம்பும் அவ்வழியாகவே உள்ளங்கைக்குள் செல்கின்றன. எலும்பும் விரிந்து கொடுக்காது. கூரையும் விரிந்து கொடுக்காது. ஆகையால் உள்ளே சிறிது வீக்கம் கண்டாலும், மணிக்கட்டு அதிகமாக வளைந்து நின்றாலும், யாவற்றிலும் மென்மையான நரம்பே நசுக்குண்கிறது. 1981-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் இவ்வழியினுள் இருக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கையில் நோயற்றவர் கையில் அது சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவாக இருந்தது. நோயுற்றவர் கையில் 32 ஆக இருந்தது. மணிக்கட்டை முழுதும் மடக்கியபோது இரு திறத்தாருக்குமே அழுத்தம் பன்மடங்கு உயர்ந்தது. உறங்கும்போது நம்மை அறியாமல் கையை மடக்கிக்கொள்கிறோம். இரவில் துன்பம் மிகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்நரம்பு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது. சுண்டுவிரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே சுண்டுவிரல் நீங்கலாக மற்ற விரல்கள் மரத்தால் மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரலே முக்கியமாக மரத்தால் வேறு நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இரு பாதங்களும் சேர்ந்து எரிந்தால் நீரிழிவைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தெலும்பிலிருந்து வரும் நோவும் உண்டு. எது எதுவென்று தேர்வது மருத்துவர் பொறுப்பு. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்கும் எளிய சோதனை ஒன்றை, ஜார்ஜ் பேலன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1950-களில் பரவலாக அறியச் செய்தார். அவ்வாறு வைத்திருக்கையில் மரப்பு வந்தால் நோய் உண்டென்ற ஐயம் வலுப்படும். நரம்பில் மின் தூண்டல் செல்லும் வேகத்தை அளந்து அதனை உறுதி செய்யலாம்.

ஆடவரைக் காட்டிலும் பெண்களுக்கே இது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் மிகுதி. கர்ப்ப காலத்தில் உடலில் நீர் தங்குவதால் பலருக்கு வந்து, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே நீங்கிவிடுகிறது. நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன் ஆகியவை உள்ளவர்களுக்கும் மிகுதி.

வளையும் கை

காரணங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்குத் தனியே கூற விரும்புகிறோம். சிதம்பரம் நடராசர் ஆலயத்தின் கோபுரங்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களும் சிற்பங்களாக அமைந்திருப்பதை நமது வாசகர்களில் பலர் கண்டிருப்பார்கள். கையும் காலும் இடுப்பும் எவ்வளவு வளைய முடியுமோ அவ்வளவு வளைந்து நிற்கும் அவ்வுருவங்களைக் கண்டு வியக்கும் நாம், வீட்டில் ஒரு பெண்குழந்தை விரலைப் பின்புறமாக வளைத்துக் காட்டினாலும் வியந்து, இன்னொரு முறை வளைத்துக் காட்டச் சொல்லுகிறோம். மூட்டுகள் வழக்கத்துக்கு மேல் வளையும் இவ்வியல்பு மூட்டு மிகைநெகிழ்ச்சி எனப்படும். இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது; குடும்பத்தில் தொடர்ந்து வருவது; ஆடவரைவிடப் பெண்களிடம் மிகுதி; ஐரோப்பியரைவிட ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் மிகுதி; வயது ஏற ஏறக் குறைவது.

இதனை அளக்க, பெய்ட்டன் என்பாரும் அவரது துணைவர்களும் தென்னாப்பிரிக்காவில் ஆய்வு நடத்தி 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒன்பது மதிப்பெண் முறை இன்றும் வழக்கத்தில் உள்ளது. சுண்டுவிரலைப் பின்புறம் தூக்கினால் 90 பாகைக்கு மேல் செல்லுகிறதா, கட்டைவிரல் மடங்கி முன்கையைத் தொடுகிறதா, முழங்கை 10 பாகைக்கு மேல் பின்னுக்கு வளைகிறதா, முழங்காலும் அவ்வாறே வளைகிறதா என்று இருபுறமும் பார்த்து எட்டு மதிப்பெண். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்க முடிந்தால் ஒன்று. வயது வந்தவருக்கு ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் நெகிழ்ச்சி மிகுதி எனக் கொள்வர்.

நெகிழ்ந்த மூட்டு நோயன்று. அவ்வியல்புடையோரில் மிகப் பலர் ஆயுள் முழுதும் யாதொரு துன்பமுமின்றி வாழ்கிறார்கள். ஆயினும் சிலருக்கு மூட்டுவலியும், அடிக்கடி சுளுக்கும், சோர்வும் தொடருகின்றன. மணிக்கட்டுக் குகை நோய்க்கும் இந்நெகிழ்ச்சிக்கும் தொடர்பு உண்டென்று துருக்கி நாட்டு மருத்துவர்கள் 2008-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வு சிறியது, அதனை முடிந்த முடிபாகக் கொள்ள நாம் சொல்லவில்லை. ஆனால் அத்தொடர்புக்குக் கூறப்படும் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மூட்டைக் கட்டி நிறுத்த வேண்டிய தசைநார்கள் தளர்ந்திருப்பதால், வேலை செய்யும்போது மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்கி நிற்கிறது. அந்நிலையில் நரம்பின்மேல் அழுத்தம் ஏறுகிறது. அன்றியும், நிலைகொள்ளாத மூட்டை நிலைநிறுத்த வேண்டி அவள் எப்பொருளையும் தேவைக்கு மேல் இறுகப் பற்றுகிறாள். லாகவமான கை என்று பெயரெடுத்த கையே இவ்வாறு முதலில் களைத்துப் போகக்கூடும்.

நமது தொழில்களில்

இந்நோயைப் பற்றி மேல்நாட்டு நூல்கள் எழுதும்போது தட்டச்சு வேலையை அதிகம் எடுத்துப் பேசுகின்றன. உண்மையில் பலமான சான்று உள்ளது வேறு வேலைகளைப் பற்றியே. உலகத் தொழிலாளர் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில் இந்நோயும் இடம் பெற்றிருக்கிறது. விசையோடு திரும்பத் திரும்ப நெடுநேரம் செய்யும் வேலை, அதிர்வு மிகுந்த வேலை, மணிக்கட்டை மிகவும் வளைத்துச் செய்யும் வேலை ஆகியவை தனியாகவோ சேர்ந்தோ இதற்குக் காரணமாகும் என்று அப்பட்டியல் கூறுகிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு நமது மாவட்டத்தின் வேலைகளைப் பார்ப்போம். இராட்டையில் தார் சுற்றும் பெண் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நூலை இடைவிடாமல் பிடித்திருக்கிறாள். முடிந்த பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் வேலை ஆயிரக்கணக்கான முறை அதே இரு விரல்களால் செய்யப்படுவது. தறியில் உட்கார்ந்தவள் ஒரு கையால் நாடாவை ஓட்டும் கயிற்றைச் சுண்டுகிறாள். மறுகையால் அச்சுப்பலகையை இழுத்து அடிக்கிறாள். வயலில் நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுப்பும், நெல் அறுவடைக்குப் பின் உளுந்துச் செடியைப் பிடுங்குதலும், மணிக்கட்டை மடக்கி விரலால் பற்றிச் செய்பவை. கதிரரிவாள் பிடி மெல்லியதாக இருந்தால் இறுகப் பற்ற வேண்டும். பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்தலும் பருப்பின் தோல் நீக்குதலும் இத்தகையனவே. பால் சங்கங்களுக்குப் பால் ஊற்றும் மாதரில், கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறக்கும் பழக்கமுடையோர் கைக்கும் மாட்டின் மடிக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறார்கள். இவ்வளவும் செய்த கை, வீடு திரும்பித் துணி பிழிகிறது, தேங்காய் துருவுகிறது, மாவு பிசைகிறது. ஆடவருக்கு வேலை முடிந்தால் கைக்கு ஓய்வு. பெண்ணுக்கு அது வேலை மாற்றம் மட்டுமே.

2019-20-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலிலும் அதன் துணை வேலைகளிலும் உள்ளோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆயினும் பல குடும்பங்களில் சங்கப் பங்கு கணவர் பெயரில். பாஸ் புத்தகம் கணவர் பெயரில். கூலிப் பட்டியலும் கணவர் பெயரில். தார் சுற்றுபவளின் உழைப்பு துணியின் கூலிக்குள்ளே மறைந்து கிடக்கிறது. பெயரே இல்லாத உழைப்பாளியின் கை மரத்தால் அது யார் கணக்கில் ஏறும்? அளவுக் கூலி முறையில், கை மந்தமானால் அந்த வாரக் கூலி குறையும். கூலி குறைகிறதே என்று அவள் இன்னும் அதிக நேரம் உட்காருவாள். அதனால் கை மேலும் மந்தமாகும். இச்சுழலைத் தனியொரு பெண் தன் முயற்சியால் மட்டும் உடைக்க முடியாது என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி.

செய்யத் தக்கவையும் தகாதவையும்

ஆரம்ப நிலையில் சிகிச்சை எளியது. இரவில் மணிக்கட்டு மடங்காதபடி நேராக நிறுத்தும் பட்டையை ஆறு வாரங்களாவது கட்டி உறங்குதல் முதற்படி. அதனால் தீராவிடில் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவர்; சில காலம் நல்ல குணம் தரும்; சிலருக்குத் திரும்பி வரும். நரம்பு மிகவும் நசுங்கியிருந்தால், கூரைபோல் மூடியுள்ள தசைநாரை அறுத்து இடம் விடுவர். கையை மட்டும் மரக்கச் செய்து, குறைந்த நேரத்தில் முடிக்கும் சிறு அறுவைதான். சில நாட்களில் இலேசான வேலை செய்யலாம். பாரமான வேலைக்குச் சில வாரங்கள் ஆகும். நீரிழிவும் தைராய்டுக் குறையும் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

காலம் தாழ்த்துதலே பெருந்தீங்கு. கட்டைவிரலின் அடிமேடு வற்றிச் சப்பையாகிவிட்டால் நரம்பு நெடுநாள் வாடிவிட்டது என்று பொருள். அதற்குமேல் அறுவை செய்தாலும் இழந்த பலம் முழுதும் மீளும் என்று உறுதி கூறுவதற்கில்லை. மரப்பு இடைவிடாமல் நிற்பதும், பொருள்கள் கைநழுவுவதும், அடிமேடு வற்றுவதும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

நெகிழ்ந்த மூட்டுடையோர் மேலும் சில காரியங்களில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மூட்டை வளைத்துக் காட்டுவதையும், சொடக்கு எடுப்பதையும், யாரேனும் கையைப் பற்றி இழுத்து முறுக்கி நோவை எடுப்பதாகக் கூறினால் அதற்கு இடங்கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே மிகுதியாக நீளும் மூட்டை மேலும் நீட்டுவதால் பயனில்லை. சுற்றியுள்ள தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சியே அவர்களுக்கு உகந்தது. அதனை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்வது நலம்.

இவ்வசதிகளுக்கு நம் மாவட்டத்தார் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1985-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ஆம் ஆண்டில் அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பெற்று, அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாயிற்று. அதன் மருத்துவமனை அண்ணாமலை நகரிலேயே இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அவ்வாசலை நோக்கி அவளை அனுப்பி வைப்போர்தாம் வேண்டும்.

சங்கங்கள் முன்வர வேண்டும்

இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நம் நாட்டில் பிறந்தபோது, தனியொருவரால் வட்டிக்கடைக்காரரை எதிர்த்து நிற்க முடியாது, பலர் சேர்ந்தால் முடியும் என்பதே அடிப்படையாக இருந்தது. கைநோயும் அத்தகையதே. ஆகவே ஒவ்வொரு சங்கமும் கீழ்க்கண்ட நான்கையும் மேற்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஆண்டுக்கொரு முறை, அங்கத்தினர் குடும்பங்களில் வேலை செய்யும் எல்லாப் பெண்களிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டும். இரவில் கை மரத்து விழிப்பு வருகிறதா? எந்த விரல்கள்? பொருள்கள் கைநழுவுகின்றனவா? மூட்டுகள் அதிகமாக வளைவனவா? ஆம் என்போரை மருத்துவமனைக்கு அனுப்பி, சென்றார்களா என்றும் பார்க்க வேண்டும். கேட்பவர் பெண்ணாயிருத்தல் நன்று.

இரண்டாவது, தார் சுற்றுவோர், பாவு பிணைப்போர் பெயர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவர்களையும் பங்குதாரராகச் சேர்க்க வேண்டும். பெயர் ஏறினால்தான் நோவும் ஏறும்.

மூன்றாவது, கருவிகளைக் கவனிக்க வேண்டும். மின்விசையால் தார் சுற்றும் கருவியைத் தெருவுக்கொன்றாகப் பொதுவில் வைக்கலாம். கதிரரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் கைக்குள் நிறையும் பருமனான, வழுவழுப்பான பிடி போடலாம். ஒரே வேலையை நாள் முழுதும் ஒருவரே செய்யாமல் முறை மாற்றிக்கொள்ளலாம். பால் சங்கங்கள் முழுக்கையால் கறக்கும் முறையைக் கற்பிக்கலாம்.

நான்காவது, பட்டை கட்டியிருக்கும் வாரங்களிலும் அறுவைக்குப் பின்னும் அக்குடும்பத்துக்கு நூல் கொடுப்பதைக் குறைக்கலாகாது. வேலையில்லாத நாட்களுக்குப் பொதுநல நிதியிலிருந்து சிறு உதவியாவது தருதல் வேண்டும். உதவி இல்லையெனில் எந்தப் பெண்ணும் அறுவைக்கு இசையமாட்டாள். இசைந்தாலும் தையல் ஆறுமுன் தறிக்குத் திரும்பிவிடுவாள்.

நமது பாட்டிமார் இவ்வேலைகளையே செய்து நோயின்றி இருக்கவில்லையா என்று கேட்போரும் உண்டு. அவர்கள் நோயின்றி இருந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடு சாட்சி? யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தொழிலால் வந்தது என்று ஒப்புக்கொண்டால் எல்லோரும் உதவி கேட்டு வருவார்கள் என்று நிர்வாகிகள் சிலர் அஞ்சலாம். எல்லா மரப்புக்கும் தொழிலே காரணம் என்று நாமும் கூறவில்லை. நீரிழிவாலோ தைராய்டாலோ வந்ததை மருத்துவர் பிரித்துச் சொல்லுவார். அவ்வாறு பிரித்தறிந்தாலும் சங்கத்துக்கு நன்மையே. கண்டுபிடிக்கப்படாதிருந்த நீரிழிவு ஒன்று வெளிப்படுமாயின் அதுவும் ஓர் அங்கத்தினர் குடும்பத்தைக் காத்ததாகும். செலவைப் பற்றிய அச்சமும் மிகையானது. பட்டை விலை அதிகமன்று. அரிவாள் பிடி மாற்ற ஆகும் கூலி சொற்பம். கேள்வி கேட்பதற்குச் செலவே இல்லை.

வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் தத்தம் சங்கச் செயலாளருக்கு இப்போதே எழுதுவார்களாக. அக்கூட்டத்துக்குப் பெண்களையும் அழைத்து வந்து, அவர்களையே பேசச் சொல்லுவார்களாக. அடுத்த ஆண்டறிக்கையில் கைநோய்க்கு மருத்துவரிடம் அனுப்பப்பட்டோர் இத்தனை பேர், குணமடைந்தோர் இத்தனை பேர் என்று ஒரு வரி இடம் பெறுமாயின், நமது சங்கங்கள் தம் கடமையில் ஒரு பகுதியையேனும் தொடங்கிவிட்டன என்று நாம் மகிழ்ச்சி கொள்வோம்.